மலைநாட்டு வேட்டையும் தோட்டாவும்

வேட்டைக்காரர் இருவர் சந்தித்தால் அவர்களிடையே முதலில் எழும் வினா ஒன்றுண்டு. எந்த விலங்குக்கு எந்தத் தோட்டா ஏற்றது என்பதே அது. குழலின் அகலம் எவ்வளவு, ரவையின் எடை எவ்வளவு, மருந்தின் அளவு எவ்வளவு என்று அவ்வினா கிளைத்துக்கொண்டே செல்லும். மேலோட்டமாக நோக்குவோர்க்கு அது துவக்குக் கடைக்காரரின் விவகாரமாகத் தோன்றலாம். ஆயின், அதன் உள்ளே வேறொரு வினா பொதிந்து கிடக்கிறது. ஒருவன் எவ்வளவு தூரத்தில் நிற்கும் விலங்கைச் சுடலாம்? எத்தூரம்வரை அவனது குண்டு அவ்விலங்கை உடனே வீழ்த்தும்? எத்தூரத்துக்கு அப்பால் அதனைக் காயப்படுத்தி, காட்டின் உள்ளே சென்று நாட்கணக்கில் துடித்து மடியச் செய்யும்? தோட்டாவின் வரலாறு இந்தத் தூரத்தின் வரலாறே எனலாம். கண்டி மலைநாடு அவ்வரலாற்றைப் பயில்வதற்கு ஏற்ற களம்.

கண்டியிலிருந்து மாத்தளைக்குச் செல்லும் புகையிரதப் பாதையில், கட்டுகஸ்தோட்டைக்கு அப்பால், மலைச்சரிவுகளின் நடுவே அமைந்த சிறு நகரம் வத்தேகம. அதன் கிழக்கே எழுந்து நிற்பது தும்பறை மலைத்தொடர். மடக்கிய கையின் விரல்மொழிகளைப் போல அதன் சிகரங்கள் வரிசையாகத் தோன்றுவதால் ஆங்கிலேயர் அதற்கு நக்கிள்ஸ் என்று பெயரிட்டனர். அம்மலைக் காடுகளில் மரை உண்டு, குரைக்கும் மான் உண்டு, சருகுமான் உண்டு, கிழக்கே வறண்ட தாழ்நிலத்தை நோக்கி இறங்கினால் புள்ளிமானும் உண்டு. இவற்றைத் தின்று வாழும் சிறுத்தையும் உண்டு.

ஆண்டுதோறும் கொம்பை உதிர்த்து மீண்டும் முளைக்கச் செய்வன மானினத்தைச் சேர்ந்தவை. உட்குழிந்த கொம்பை வாழ்நாள் முழுவதும் உதிர்க்காமல் தாங்குவது இரலை இனம். இலங்கையில் இரலை இல்லை. தமிழகத்தின் திறந்த வெளிகளில் வாழும் முறுக்குக் கொம்புடைய இரலைக்கு இங்கு உறவினம் கிடையாது. ஆதலால் இம்மலைநாட்டில் வேட்டைத் தோட்டா பற்றிய பேச்சு பெரும்பாலும் மரையைப் பற்றிய பேச்சாகவே இருந்தது. வளர்ந்த ஆண் மரை இருநூறு கிலோகிராமுக்கு மேலும் நிறை கொள்ளும். அடர்ந்த காட்டில் வாழும் இப்பெரிய விலங்கை எவ்வாறு வீழ்த்துவது என்பதற்குக் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் கூறப்பட்டன.

முதல் விடை அம்பும் பொறுமையும் ஆகும். வேடர் கையாண்ட வில்லுக்குத் தூரம் குறைவு. விலங்கின் காலடியைத் தொடர்ந்து, காற்றின் திசையறிந்து, சருகும் ஒலிக்காமல் நெருங்கிய பின்னரே அவர்கள் நாணை இழுத்தனர். 1660ஆம் ஆண்டு சிறைப்பட்டு 1679வரை கண்டி இராச்சியத்தில் வாழ்ந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், அவர்கள் இறைச்சியை மரப்பொந்தில் தேனூற்றி அடைத்துப் பஞ்ச காலத்துக்கென வைத்துக்கொள்ளும் வழக்கத்தைத் தம் நூலில் எழுதியுள்ளார். கிடைத்ததை வீணாக்காத மக்களின் வேட்டை அது. ஓர் அம்பைப் பிழைபட எய்தால் ஒரு நாளைய உழைப்பு பிழைத்துப் போகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் வந்தனர். அவர்களோடு துவக்கும் வந்தது. சில தலைமுறைகளுக்குள் இலங்கைக் கொல்லர் அதனைத் தாமே செய்யக் கற்றுக்கொண்டனர். கோவையில் வசித்த லின்ஸ்கோட்டன் என்னும் ஒல்லாந்தர் 1596இல் வெளியான தமது நூலில், இத்தீவில் வார்க்கப்படும் துவக்குக் குழல்களின் அழகையும் பளபளப்பையும் வியந்து பாராட்டினார். இந்தக் கோவை தமிழகத்துக் கோயமுத்தூர் அன்று. போர்த்துக்கேயரின் கீழைத்தேசத் தலைநகராயிருந்த கோவா நகரமே அவ்வாறு குறிக்கப்பட்டது. பின்வந்த கண்டிக் கொல்லர்கள் குழலில் வெள்ளியும் பித்தளையும் இழைத்து, பிடிக்கு யானைத்தந்தம் பதித்துச் செய்த துவக்குகள் இன்று நூதனசாலைகளில் காணப்படுகின்றன.

துவக்கு இருந்தால் போதாது, மருந்தும் வேண்டும். கரிமருந்து மூன்று பொருள்களின் கலவை. நூறு பங்கில் ஏறத்தாழ எழுபத்தைந்து பங்கு வெடியுப்பு, பதினைந்து பங்கு மரக்கரி, பத்துப் பங்கு கந்தகம் என்பது ஐரோப்பியர் கொண்ட அளவு. மரக்கரி எங்கும் கிடைக்கும். கந்தகமும் ஈயமும் கடல்வழியே வரவேண்டியவை. வெடியுப்போ மலைநாட்டிலேயே கிடைத்தது. 1816 முதல் 1820வரை இலங்கையில் படை மருத்துவராகப் பணியாற்றிய ஜோன் டேவி, விஞ்ஞானி ஹம்பிரி டேவியின் இளவல். 1821இல் அவர் வெளியிட்ட நூலில் தும்பறைப் பகுதியிலுள்ள வெடியுப்புக் குகை ஒன்றை விவரிக்கிறார். வௌவால்கள் குடியிருக்கும் அக்குகையின் பாறையைப் பெயர்த்து இடித்து, மரச்சாம்பலோடு கலந்து, நீரூற்றி வடித்து, அந்நீரைக் காய்ச்சி ஆறவிட்டு, உப்பைப் பளிங்காகத் திரட்டினர். இன்றும் அம்மலைத்தொடரில் நைட்டர் குகை என வழங்கும் இடமுண்டு. வத்தேகமவிலிருந்து காணும் மலைகளின் உட்புறத்திலேயே கண்டி மன்னரின் மருந்துக்கு மூலப்பொருள் பிறந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இவ்வளவு பாடுபட்டுப் பெறும் மருந்தை எவரும் வீணாகச் சுட்டுத் தீர்ப்பதில்லை. அக்காலத் துவக்கின் உட்புறம் வழவழப்பானது. உருண்டை ஈயக்குண்டு குழலினுள் தட்டுத்தடுமாறி வெளியேறும். ஐம்பது அறுபது யாருக்கு அப்பால் அது எங்கே போகும் என்று உறுதியாகச் சொல்ல இயலாது. மழை பெய்தால் சக்கிமுக்கிக் கல் தீப்பொறி தராது. மலைநாட்டிலோ மழைக்குக் குறைவில்லை. எனவே, துவக்கு வந்த பின்னரும் வேட்டைக்காரன் வில்லாளியைப் போலவே விலங்கை நெருங்கிச் செல்ல வேண்டியவனாயிருந்தான். இவற்றோடு, அரசனுக்கென ஒதுக்கப்பட்ட காடுகளில் பொதுமக்கள் புகுதல் தடுக்கப்பட்டிருந்தது. கண்டி அரண்மனைக்குப் பின்னே அமைந்த உடவத்தகெலே அவ்வாறு தடுக்கப்பட்ட வனமே. கருவியின் குறையும் அரசனின் கட்டளையும் சேர்ந்து விலங்குகளைக் காத்தன.

1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் வசமாயிற்று. அதன்பின் மலைநாட்டின் தோற்றமே மாறிற்று. கோப்பிப் பயிர்ச்செய்கைக்காகக் காடுகள் வெட்டி எரிக்கப்பட்டன. தும்பறைச் சரிவுகளும் அதற்குத் தப்பவில்லை. அக்கோப்பியை நட்டுப் பறிக்கத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தனர். தோட்டத்துரைமார் கைகளில் புதிய துவக்குகள் வந்தன. 1845இல் இலங்கைக்கு வந்து, 1848 முதல் 1855வரை நுவரெலியாவில் குடியிருந்த சாமுவேல் பேக்கர் அவர்களுள் பெயர்பெற்றவர். நைல் நதியின் ஊற்றைத் தேடி ஆபிரிக்காவுக்குச் செல்வதற்கு முன்னரே, 1854இல், அவர் இலங்கை வேட்டையைப் பற்றி நூல் எழுதினார்.

பேக்கர் நம்பியது றைபிளை. குழலின் உட்புறத்தில் திருகுசுருளாகப் பள்ளம் வெட்டினால் குண்டு சுழன்றுகொண்டே வெளியேறும்; சுழலும் பம்பரம் சாயாது நிற்பதைப் போலச் சுழலும் குண்டும் திசைமாறாது செல்லும். அவர் தம்மிடமிருந்த துவக்குகளை எண்ணிக் கூறுகிறார். நாலு அவுன்சுக் குண்டு சுடும் ஒற்றைக்குழல் றைபிள் ஒன்று. அதன் நிறை 21 இறாத்தல். இரண்டு அவுன்சுக் குண்டுக்குரியது ஒன்று. அதன் நிறை 16 இறாத்தல். பத்தாம் இலக்க இரட்டைக்குழல் றைபிள் நான்கு; ஒவ்வொன்றும் 15 இறாத்தல். பத்தாம் இலக்கம் என்பது, ஓர் இறாத்தல் ஈயத்தில் அக்குழலுக்கேற்ற உருண்டைகள் பத்து வார்க்கலாம் என்பதைக் குறிக்கும். இலக்கம் குறையக் குறையக் குண்டு பெருக்கும். அவருடைய நாலு அவுன்சுக் குண்டு ஏறக்குறைய 113 கிராம். கரிமருந்தின் வேகத்துக்கு ஓர் எல்லை இருந்தமையால், வலுவை மிகுவிக்க விரும்பியோர் குண்டின் எடையைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியறியாதிருந்தனர். எடையுள்ள குண்டுக்கு எடையுள்ள துவக்கு வேண்டும். அதனைச் சுமக்க ஆள் வேண்டும். துரைமார் வேட்டைக்குச் செல்கையில் பின்னே துவக்குத் தூக்கிகள் வரிசையாகச் சென்றதன் காரணம் இதுவே.

இங்கே ஒரு செய்தி கவனிக்கத்தக்கது. அத்தனை றைபிள்களை வைத்திருந்த பேக்கர், நுவரெலியாக் காடுகளில் மரையைப் பெரும்பாலும் நாய்களை ஏவித் துரத்தி, இறுதியில் கத்தியால் வீழ்த்தினார். றைபிளை அவர் தாழ்நிலக் காடுகளிலும் மின்னேரியா போன்ற குளக்கரை வெளிகளிலும் பயன்படுத்தினார். மலைக்காட்டின் செறிவில் இருபது யாருக்கு அப்பால் எதுவும் தெரியாதபோது இருநூறு யார் செல்லும் றைபிளால் பயன் என்ன? எந்தத் தோட்டா ஏற்றது என்னும் வினாவுக்கு விலங்கு பாதி விடை கூறும். மீதிப் பாதியை நிலம் கூறும்.

மலைநாட்டில் எழாத சிக்கல் திறந்த வெளியில் எழும். அதனை விளங்கிக்கொள்ளத் தமிழகத்தின் இரலையை நோக்க வேண்டும். கோடிக்கரை போன்ற வெளிகளில் மேயும் அவ்விரலை நாற்பது கிலோகிராம் அளவினது. கூர்மையான பார்வையும் மிகுந்த வேகமும் உடையது. மறைந்து நெருங்க மரமில்லை, புதரில்லை. வேட்டைக்காரன் நூறு முதல் இருநூறு யாருக்குள் நின்று சுட வேண்டியவனாகிறான். நடுத்தர தூரம் என்று வேட்டை நூலார் கூறுவது இதனையே.

அத்தூரத்தில் பேக்கரின் பெருங்குண்டு பயன்படாது. குழலை விட்ட கணத்திலிருந்தே எந்தக் குண்டும் நிலத்தை நோக்கி விழத் தொடங்குகிறது. நொடிக்கு 1,300 அடி வேகத்தில் புறப்படும் உருண்டைக்குண்டு, காற்றின் தடையால் வேகமிழந்து, 150 யார் செல்வதற்குள் இரண்டடிக்கு மேல் தாழ்ந்துவிடும். இரலையின் நெஞ்சில், குண்டு பட்டால் உடனே உயிர் போகும் பகுதியோ ஒரு சாண் அகலமே. தூரத்தை இருபது யார் பிழைபட மதித்தாலும் குண்டு அச்சாணைத் தவறி வயிற்றிலோ காலிலோ படும். அவ்வாறு அடிபட்ட விலங்கு ஓடிவிடும். வேட்டைக்காரனுக்கும் அது கிட்டாது.

இதற்கு மாற்றாக எழுந்ததே விரைவு றைபிள். 1856இல் இலண்டன் துவக்குத் தொழிலாளர் ஜேம்ஸ் பேர்டி தமது புதிய றைபிளுக்கு விரைவுப் புகையிரதத்தின் பெயரைச் சூட்டினார். இலேசான நீண்ட குண்டு, மிகுந்த மருந்து என்பதே அதன் தத்துவம். இவ்வகையில் பின்னர் வந்த 450 என்னும் குழலளவுத் தோட்டா நொடிக்கு 1,900 அடி அளவில் சென்றது. மானுக்கும் இரலைக்கும் அது நன்கு பொருந்திற்று. ஆயின், குழிந்த முனையுடைய அதன் மெல்லிய குண்டு, காட்டெருமை போன்ற பெருவிலங்கின் தோலிலேயே சிதறி, உள்ளே செல்லாது நின்றதுமுண்டு. ஒன்றுக்கு மருந்தானது மற்றொன்றுக்கு ஏமாற்றமாயிற்று.

1884இல் பிரெஞ்சு நாட்டு வியேல் புகையற்ற மருந்தைக் கண்டபோது கணக்கு முழுவதும் மாறிற்று. 1888இல் பிரித்தானியப் படை 303 குழலளவைக் கைக்கொண்டது; 1892 அளவில் ஜேர்மனியின் மவுசர் தொழிற்சாலை ஏழு மில்லிமீற்றர்த் தோட்டாவை உருவாக்கியது. 1910இல் ஏற்கப்பட்ட 303 தோட்டாவின் ரவை 11 கிராமுக்குச் சற்று மிகுந்தது. பேக்கரின் பெருங்குண்டில் அது பத்திலொரு பங்கே. ஆயின் நொடிக்கு 2,440 அடி வேகம். 150 யாரில் அது தாழ்வது ஏறத்தாழ எட்டு அங்குலம் மட்டுமே. தோளிற் சுமக்கத்தக்க ஒன்பது இறாத்தல் துவக்கில் இத்தனை ஆற்றல் அடங்கிற்று.

இங்கும் ஒரு புதிய தொல்லை தோன்றிற்று. அவ்வேகத்தில் வெறும் ஈயம் குழலிற் கரைந்து ஒட்டும். ஆகையால் ரவைக்கு வன்மையான உலோக உறை இட்டனர். உறையிட்ட ரவை மானின் உடலை ஊசிபோல் துளைத்து மறுபுறம் போயிற்று. விலங்கு விழாமல் ஓடிற்று. கல்கத்தாவுக்கு அருகேயுள்ள டம்டம் ஆயுதசாலையில் முனையுறையை நீக்கி, உடலினுள் மலர்ந்து விரியும் ரவையைச் செய்தனர். மனிதர்மீது அதனைப் போரில் பயன்படுத்தலாகாது என 1899இல் ஹேக் மாநாடு விலக்கியது. அது விளைத்த காயத்தின் கொடுமையே காரணம். வேட்டையிலோ அதே வகை மென்முனை ரவைதான் விலங்கின் வேதனையைச் சுருக்கியது. போரில் எதிரியைச் செயலிழக்கச் செய்தால் போதும்; வேட்டையில் விலங்கை அரைகுறையாய் விடுவதே பாவம். நோக்கம் மாறினால் ஒரே பொருள் அறத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் நிற்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அனுபவம் வாய்ந்தோரிடையே ஒருவகை இணக்கம் ஏற்பட்டது. நடுத்தர தூரத்தில் மானுக்கும் இரலைக்கும் ஏழு மில்லிமீற்றர் அளவினதான தோட்டா போதும். ரவை மென்முனையாயிருத்தல் வேண்டும். எடை மிகையாக வேண்டியதில்லை. பெரிய தோட்டா பிழையான குறியைத் திருத்தாது. அதன் உதைப்புக்கு அஞ்சிக் கண்ணை மூடுபவன் சிறிய தோட்டாவைக் கொண்டவனிலும் மோசமாகச் சுடுவான். தன் கை நடுங்காமல், ஒரு சாண் அளவுள்ள குறியில் ஒவ்வொரு முறையும் எத்தூரத்தில் அடிக்க முடிகிறதோ, அதுவே ஒருவனுடைய தூரம். துவக்கின் தூரம் அதனினும் நீண்டதாயிருக்கலாம். அதனை நம்பிச் சுடுதல் தகாது.

நல்லோர் இதனை உணர்ந்திருந்தனர். ஆயினும் எல்லோரும் நல்லோராக இல்லை. கருவியின் தூரம் நீண்டபோது விலங்கின் தொகை குறுகிற்று. பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் றொஜர்ஸ் 1845இல் ஊவா மலையில் இடிவிழுந்து இறந்தபோது, அவர் கொன்ற யானைகள் 1,400க்கு மேற்பட்டன என்று கூறப்பட்டது. யானைக்கே அந்நிலையென்றால் மானுக்கும் மரைக்கும் கணக்கெடுப்பார் யார்? காடு கோப்பியாகவும், கோப்பி நோயுற்றபின் தேயிலையாகவும் மாறியதால் அவற்றின் உறைவிடமும் சுருங்கிற்று.

சட்டம் தாமதித்தே வந்தது. 1872இல் ஆறாம் இலக்கச் சட்டம் வீண்கொலையைத் தடுக்க முயன்றது. 1873இல் ஐயாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைக்காடுகளை அழித்தல் நிறுத்தப்பட்டது. நக்கிள்ஸ் சிகரங்களில் காடு எஞ்சியதற்கு அது ஒரு காரணம். தமிழகத்தில் நீலகிரிக்கென 1879இல் வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 1894இல் இலங்கையின் வேட்டைக்காரர்களே கூடி வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினர். துவக்கை அறிந்தவரே அதன் கேட்டையும் முதலில் அறிந்தனர் போலும். 1937ஆம் ஆண்டின் இரண்டாம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் 1938இல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே உடவத்தகெலே சரணாலயமாயிற்று. கோடிக்கரை 1967இல் இரலைகளின் சரணாலயமாயிற்று. 1972இல் இந்திய வனவிலங்குச் சட்டம் இரலைவேட்டையை விலக்கியது. நக்கிள்ஸ் காடு 2000ஆம் ஆண்டில் பாதுகாப்பு வனமாக்கப்பட்டு, 2010இல் மத்திய மலைநாட்டின் ஏனைய காடுகளோடு உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

இன்று இம்மலைகளில் எந்தத் தோட்டா ஏற்றது என்று கேட்பதற்கு இடமில்லை. மானும் மரையும் சட்டத்தின் காவலில் உள்ளன. ஆயினும், வேட்டை நின்றுவிடவில்லை. அது தன் கண்ணை இழந்துவிட்டது. இறைச்சிக்காகவும், பயிரை அழிக்கும் பன்றிக்கு அஞ்சியும், சிலர் கட்டுத்துவக்கை மரத்தில் பிணைத்து, அதன் விசையில் நூலைக் கட்டி, விலங்கு செல்லும் தடத்தின் குறுக்கே இழுத்துவிடுகின்றனர். வேறு சிலர் கம்பிச் சுருக்கு வைக்கின்றனர். பன்றி வருமா, சினைமரை வருமா, விறகெடுக்கச் செல்லும் தொழிலாளி வருவாரா என்று அந்நூல் அறியாது. 2020 மே மாதத்தில் நல்லதண்ணித் தோட்டப் பகுதியில் சுருக்கில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை சில நாட்களில் உயிரிழந்தது. அதனைக் கொல்ல எவரும் நினைத்திருக்கமாட்டார். எனினும் அது கொல்லப்பட்டது.

வில்லேந்திய வேடன் விலங்கின் முகத்தைக் கண்டான். பேக்கரும் கண்டார். நடுத்தர தூரத்தில் நின்று இரலையைக் குறிவைத்தவனும், விசையை இழுப்பதா விடுவதா என்று ஒரு கணம் எண்ண வேண்டியிருந்தது. அந்த ஒரு கணத்தில் வேட்டையின் அறம் முழுவதும் அடங்கியிருந்தது. கட்டுத்துவக்கிலும் கம்பிச் சுருக்கிலும் அக்கணம் இல்லை. பயிரைக் காக்க வேலியும் காவலும் உண்டு. வறுமைக்கு வேறு பரிகாரம் தேடல் அரசின் கடன். தடத்தின் குறுக்கே கட்டிய நூலை எங்கே கண்டாலும் உரியவர்க்கு அறிவித்து அகற்றச் செய்வது, மலையடிவாரத்தில் வாழும் ஒவ்வொருவரின் கடன்.